சென்னையில் தோன்றிய பச்சைக் கதிரவன்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, எழுதுவதற்கு நான் என்ன கற்றுவிட்டேன் என்ற தயக்கமே முதலில் எழுந்தது. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவன் நான். எனினும், சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி என்னைச் சில நூல்களைத் தேடிப் படிக்கச் செய்தது. படித்தவற்றுள் நம் சென்னை மாநகரும் இடம்பெற்ற ஒரு வரலாற்றை அன்பர்களுக்குச் சொல்லலாம் என்று துணிந்தேன். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

பங்குனி மாதத்தில் ஒரு நண்பகல். உணவுக்காக வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். நம் விளையாட்டுத் திடலில் சிறியவரும் பெரியவருமாக ஒரு கூட்டம் அண்ணாந்து நின்றது. மெல்லிய வெண்முகில் வானெங்கும் பரவியிருக்க, கதிரவனைச் சுற்றிப் பெரியதொரு வட்டம், உள்விளிம்பில் செம்மை படர்ந்து, கோலமிட்டாற்போல் விளங்கியது. நம் முன்னோர் இதனைப் பரிவேடம் என்றும் ஊர்கோள் என்றும் வழங்கினர். நிலவைச் சுற்றித் தோன்றினால், "கோட்டை கட்டியிருக்கிறது" என்பர் நாட்டுப்புறத்தார். "அகல் வட்டம் பகல் மழை" என்று அங்கிருந்த பாட்டியார் ஒருவர் பழமொழியை நினைவூட்டினார். இளைஞர்கள் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தனர். நானும் ஒன்று எடுத்தேன்.

ஒரு திங்கள் கழிந்தது. பள்ளிச் சிறுமி ஒருத்தி கையில் குறிப்பேட்டுடன் என்னிடம் வந்தாள். "மாமா, சூரியனைச் சுற்றி வட்டம் வந்ததே, அது என்றைக்கு? எத்தனை மணிக்குத் தொடங்கி எப்பொழுது மறைந்தது? பள்ளியில் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள்" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொண்ட படங்கள் ஏழு என்னிடம் இருந்தன. அவை எவர் எடுத்தவை, எந்த நாளில் எடுத்தவை என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. நான் எடுத்த படத்தையோ, கைப்பேசியில் இடம் போதவில்லை என்று அழித்துவிட்டிருந்தேன். எந்த வண்டி எத்தனை மணி எத்தனை நிமிடத்திற்கு வந்தது, எப்பொழுது புறப்பட்டது என்று பதிவேட்டில் எழுதியே பிழைப்பவன் நான். என்னால் ஒரு குழந்தையின் கேள்விக்கு விடை சொல்ல இயலவில்லை. அந்த வெட்கமே, வானத்தின் நிறங்களை முன்னோர் எவ்வாறு குறித்துவைத்தனர் என்று என்னைத் தேடச் செய்தது.

கடலில் மறைந்த மலை

ஜாவா, சுமத்ரா என்னும் இரு தீவுகளுக்கிடையே சுண்டா நீரிணை உள்ளது. அதிலிருந்த கிராக்கத்தோவா என்னும் எரிமலைத் தீவு 1883-ஆம் ஆண்டு மே மாதத்திலேயே புகையத் தொடங்கியது. ஆகஸ்டு 26-ஆம் நாள் பிற்பகலில் அதன் சீற்றம் மிகுந்தது. மறுநாள் 27-ஆம் தேதி காலை 10 மணியளவில் பெருவெடிப்பு நிகழ்ந்தது. தீவின் மூன்றில் இரண்டு பங்கு கடலுக்குள் மறைந்தது. எழுந்த அலைகள் சில கரைகளில் 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்து ஊர்களை வாரிச் சென்றன. அப்பகுதியை அந்நாளில் ஆண்ட டச்சு அரசாங்கத்தின் கணக்குப்படி மாண்டவர் தொகை 36,417.

நான் சொல்லப்போவது வானத்தின் அழகைப் பற்றிய செய்தி. ஆயினும் அவ்வழகு இத்தனை உயிர்களைக் கொண்ட பேரழிவிலிருந்து எழுந்த தூசியால் விளைந்தது என்பதை முதலிலேயே நெஞ்சில் நிறுத்திக்கொள்வது நம் கடமையாகும்.

வெடிப்பின் ஒலி, இந்துமாக்கடலின் மேற்கே ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரோட்ரிக்ஸ் தீவிலும் கேட்டது. அங்கே காவல்துறைத் தலைவராக இருந்த ஜேம்ஸ் வாலிஸ் என்பவர், பீரங்கி முழக்கம் போன்ற ஒலி கிழக்கிலிருந்து வந்தது என்று நேரத்தோடு எழுதிவைத்தார். அது எங்கிருந்து வந்தது என்பதை அவர் அறியார். எனினும் எழுதிவைத்தார். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கடல்மட்டத்தை அளக்க வைத்திருந்த கருவிகளும் அவ்வலைகளின் அசைவைத் தாமே கோடாக வரைந்துகொண்டன.

சென்னை வானில் கண்டது

வெடிப்பு நிகழ்ந்து இரண்டு வாரம் ஆகும் தறுவாயில், செப்டம்பர் 9, 10-ஆம் தேதிகள் தொடங்கிச் சில நாட்கள், சென்னையிலும் இலங்கையிலும் தென்னாட்டின் வேறு பல ஊர்களிலும் ஒரு விந்தை தோன்றியது. காலையிலும் மாலையிலும் கதிரவன் செந்நிறமாக இல்லை, பச்சையாக இருந்தது! அடிவானத்தின் அருகே பச்சையாகவும், சற்றே மேலே நீலச்சாயலுடனும் காணப்பட்டது. பின்னர்ச் செப்டம்பர் 22-ஆம் நாளளவில் மீண்டும் ஒருமுறை அந்நிறம் தோன்றியது.

அக்காலத்தில் சென்னை வானாய்வு நிலையத்தின் தலைவராக நார்மன் போக்சன் என்னும் ஆங்கிலேயர் இருந்தார். ரயில்வேக் குடும்பத்தினராகிய நமக்கு அந்நிலையம் உறவுடையது. இந்திய ரயில்வேக்கள் அந்நாளில் கடைப்பிடித்தது 'சென்னை நேரம்'. அந்நேரத்தைக் கணித்து வழங்கியது அந்த வானாய்வு நிலையமே. கிரீன்விச் நேரத்தினும் அது ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முற்பட்டது. 1906-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் வந்த பின்னரே அதன் ஆட்சி படிப்படியாக நீங்கியது. விண்மீனைப் பார்த்து மணி சொன்ன அதே நிலையத்தின் போக்சன், பச்சைக் கதிரவனைப் பற்றியும் எழுதினார்.

இன்னொருவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிக்கி ஸ்மித். ஸ்காட்லாந்து நாட்டினர், அப்போது முப்பது வயதும் நிரம்பாதவர். அவர் கண்டு வியந்ததோடு நிற்கவில்லை. ஒளியைப் பல நிறங்களாகப் பிரித்துக்காட்டும் நிறமாலைக் கருவியைக் கதிரவன்பால் திருப்பினார். சிவப்புப் பகுதியின் ஒளி பெரிதும் குறைந்திருப்பதையும், நீராவிக்குரிய கரும்பட்டைகள் வலுத்திருப்பதையும் கண்டு, நாளும் பொழுதும் இட்டுக் குறித்துக்கொண்டார். எனவே நீராவியே இதற்குக் காரணமாகலாம் என்ற கருத்தும் அக்காலத்தில் எழுந்தது. ஓர் ஊரில் மட்டும் நின்று நோக்குபவருக்கு அதற்குமேல் தெளிவு கிட்டுவது அரிது. வேறு ஊர்களில் என்ன கண்டார்கள் என்று அறிந்தாலன்றி உண்மை விளங்காது.

காற்றின் கால அட்டவணை

1884-இல் இலண்டன் ராயல் சொசைட்டி ஒரு குழுவை அமைத்து, கிராக்கத்தோவா பற்றி எவர் எதைக் கண்டிருந்தாலும் எழுதியனுப்புமாறு செய்தித்தாள்கள் வழியாகக் கேட்டுக்கொண்டது. கப்பல் தலைவர்கள், பாதிரிமார்கள், அதிகாரிகள், ஆசிரியர்கள் எனப் பலதிறத்தாரின் குறிப்புகள் உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்து குவிந்தன. அவற்றைத் தொகுத்து 1888-இல் ஏறத்தாழ ஐந்நூறு பக்கம் கொண்ட அறிக்கை வெளிவந்தது. சைமன்ஸ் என்பவர் அதன் பதிப்பாசிரியர். அதில் பெரும்பகுதியும் வானத்தின் நிறங்களைப் பற்றியதே.

அக்குறிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ரயில்வேக்காரனுக்கு உடனே ஒரு வண்டியின் ஓட்டம் கண்ணுக்குத் தெரியும். கிராக்கத்தோவாவிலிருந்து வண்டி புறப்பட்டது ஆகஸ்டு 27. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய டிரினிடாடில் கதிரவன் நீலமாகத் தோன்றியது செப்டம்பர் 2. பசிபிக் கடலின் நடுவே ஹோனலூலு நகரில் சீரினோ பிஷப் என்னும் பாதிரியார் விந்தையான அந்தியைக் கண்டது செப்டம்பர் 5. சென்னையில் பச்சைக் கதிரவன் தோன்றத் தொடங்கியது செப்டம்பர் 9, 10. கிராக்கத்தோவாவிலிருந்து மேற்கு நோக்கியே அளந்தால், டிரினிடாட் ஏறத்தாழ 166 பாகை. ஹோனலூலு 263 பாகை. உலகை ஒருமுறை முழுவதும் சுற்றி வந்தால் சென்னை 385 பாகை. ஒவ்வொன்றையும் சென்ற நாட்களால் வகுத்துப் பாருங்கள். மூன்றிலும் நாளொன்றுக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது பாகை என்றே விடை வரும்!

அஃதாவது, எரிமலைத் தூசி மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே, மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மிகுதியான வேகத்தில், தளர்வின்றி ஓடியது. பதின்மூன்று நாளில் உலகை ஒருமுறை வலம் வந்தது. செப்டம்பர் 9-உடன் பதின்மூன்றைக் கூட்டினால் 22. சென்னையில் இரண்டாம் முறை பச்சை தோன்றியது அந்நாளளவில்தானே! அதே வண்டி அடுத்த சுற்றில் நம் ஊரைக் கடந்தது என்று இதனை விளக்கலாம்.

இத்துணை உயரத்தில் இத்தகைய காற்று உண்டென்று அதற்குமுன் எவரும் அறிந்திலர். பலூன் அங்கே சென்றதில்லை, கருவியும் சென்றதில்லை. வெவ்வேறு கரைகளில் நின்று, ஒருவரையொருவர் அறியாத மக்கள் கண்ணால் கண்டு, நாளிட்டு எழுதியவையே அக்காற்றின் வேகத்தை அளந்து தந்தன. பின்னாளில் 1908-இல் ஆப்பிரிக்காவில் பலூன் விட்டவர்கள், அவ்வுயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதைக் கண்டு திகைத்தார்கள். ஏறத்தாழ 28 மாதங்களுக்கு ஒருமுறை அக்காற்று திசை மாறி மீளும் என்ற உண்மை 1960-களின் தொடக்கத்தில்தான் வெளியாயிற்று. 1883-இன் குறிப்புகளும் பொய்யல்ல, 1908-இன் குறிப்புகளும் பொய்யல்ல என்பது அப்பொழுதே துலங்கியது.

செவ்வானமும் சுண்ணவண்ணமும்

அவ்வாண்டு நவம்பரில் தூசிப்படலம் வடக்கே ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் எட்டியது. கதிரவன் மறைந்து நெடுநேரம் ஆன பின்னும் மேற்குவானம் குருதிபோற் சிவந்து நின்றது. அமெரிக்காவில் நியூயார்க், பக்கிப்சி, நியூஹேவன் ஆகிய நகரங்களில் எங்கோ பெருந்தீ மூண்டதென்று எண்ணித் தீயணைப்பு வண்டிகளை வரவழைத்தார்கள்.

அச்செவ்வானத்தைப் படம் பிடித்து வைத்திருக்கலாகாதா என்று நாம் கேட்கலாம். நிழற்படக்கலை அன்று இருந்தது. ஆனால் அக்காலத்து நிழற்படத் தகடுகள் பெரும்பாலும் நீல ஒளியையே உணர்ந்தன, சிவப்பை உணரவில்லை. எனவே செவ்வானத்திற்கு முன் அவை குருடு. அக்குறையை நீக்கியவர் வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்னும் ஓவியர். இலண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில், செல்சி என்னும் பகுதியில் நின்று, மாலைதோறும் வண்ணச் சுண்ணக்கோல்களால் வானத்தை விரைந்து விரைந்து தீட்டினார். அவ்வாறு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். 1883 நவம்பர் 26-ஆம் நாள் மாலை அவர் அடுத்தடுத்து வரைந்தவை ராயல் சொசைட்டி அறிக்கையின் முகப்பிலேயே இடம்பெற்றன. எந்த நாள், எந்தப் பொழுது என்பது தெரிந்தமையாலேயே அவை வெறும் ஓவியமாக நில்லாமல் சான்றாயின.

செவ்வானத்தின் பொருட்டு அந்தியை உற்றுநோக்கப் பழகிய கண்களுக்கு இன்னொரு பேறும் கிட்டியது. 1885-ஆம் ஆண்டு சூன் மாதத்தில், கதிரவன் மறைந்து இருள் சூழ்ந்தபின், வெள்ளியும் நீலமுமாய் ஒளிரும் முகில்கள் ஐரோப்பாவின் வடவானத்தில் காணப்பட்டன. ஜெர்மனியில் ஓட்டோ ஜெஸ்ஸே என்பவர் 1887-இல் முதன்முதலாக அவற்றைப் படமெடுத்தார். முகில் நீலமாதலின் அந்நாளைய தகடு அதனை நன்கு ஏற்றது. பின்னர், தொலைவில் விலகியுள்ள இரண்டு இடங்களிலிருந்து ஒரே நொடியில் ஒரே முகிலைப் படமெடுக்கச் செய்தார். இரு படங்களிலும் விண்மீன்களுக்கிடையே முகில் நின்ற இடம் வேறுபட்டதைக் கொண்டு, அதன் உயரம் ஏறத்தாழ 82 கிலோமீட்டர் எனக் கணக்கிட்டார். இன்றைய கருவிகளும் அதனையே உறுதிப்படுத்துகின்றன. இரண்டு இடத்துக் கடிகாரங்களும் ஒத்திராவிட்டால் அக்கணக்கு பாழாகியிருக்கும் என்பதை நம் ரயில்வே அன்பர்களுக்கு விளக்கவும் வேண்டுமோ? எரிமலைக்கும் அம்முகிலுக்கும் தொடர்பு உண்டா என்பது இன்றும் ஆராய்ச்சியாளர் வாதிடும் பொருளாகும்.

பச்சை வந்த காரணம்

இனி, கதிரவன் பச்சையாவது எங்ஙனம் என்று பார்ப்போம். வழக்கமாகக் காற்றிலுள்ள மிக நுண்ணிய அணுக்கள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. நீலம் கழிந்த எஞ்சிய ஒளி நம்மை எட்டுவதால் அந்திக்கதிரவன் சிவக்கிறது. ஆனால் ஒளியின் அலைநீளத்தைவிடச் சற்றே பெரியனவாகவும், பெரும்பாலும் ஒரே அளவினவாகவும் தூசிகள் அமைந்துவிட்டால் முறை மாறிவிடும். அவை சிவப்பை மிகுதியாகச் சிதறடித்துப் பச்சையையும் நீலத்தையும் விட்டுவைக்கும். ஒரே அளவில் அமைவது அரிது. ஆகவே பச்சைக் கதிரவனும் அரிது. மிக்கி ஸ்மித் தம் கருவியில் சிவப்பு குறைந்திருக்கக் கண்டாரல்லவா? காரணம் அவருக்குத் தெளிவாகவில்லையேனும், கண்டது சரியே. 1950 செப்டம்பர் 26-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் கதிரவன் நீலமாகத் தோன்றியபோது, கனடா நாட்டுக் காட்டுத்தீயின் புகை அதற்குக் காரணம் என்று கண்டறிந்தனர். எடின்பரோ வானாய்வாளர்கள் அதன் நிறமாலையையும் அளந்தனர்.

மாதக்கணக்கில் நீடித்த செவ்வானத்திற்கோ வெறும் சாம்பல் மட்டும் காரணமன்று. எரிமலை கக்கிய கந்தக வாயு உயரத்தில் நுண்ணிய அமிலத்துளிகளாக மாறி, ஆண்டுக்கணக்கில் மிதந்தது. வானின் அவ்வுயரத்தில் கந்தகத்துகள் படலம் ஒன்று உண்டென்று 1960-ஐ ஒட்டி ஜெர்மானியராகிய கிறிஸ்டியன் யுங்கே நிறுவினார். 1991 சூன் 15-ஆம் நாள் பிலிப்பைன்ஸ் நாட்டில் பினட்டூபோ எரிமலை வெடித்தபோது, அத்தகைய துளிகள் வெயிலை மறைத்தமையால் உலகின் சராசரி வெப்பம் அடுத்த ஆண்டில் ஏறத்தாழ அரைப் பாகை குறைந்ததை அறிஞர்கள் அளந்தார்கள். வானத்தின் நிறமாற்றம் கண்ணுக்கு மட்டும் விருந்தன்று. நாம் வாழும் நிலத்தின் வெப்பதட்பத்தைப் பற்றிய செய்தியும் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

மிக்கி ஸ்மித் பின்னர் என்ன ஆனார் என்று அறிய விழைவீர்கள். 1891-இல் போக்சன் மறைந்தபின் அவரே அரசாங்க வானாய்வாளர் பதவியை ஏற்றார். கதிரவனை ஆராய்வதற்கென்றே தென்னாட்டு மலையில் ஒரு நிலையம் வேண்டுமென்று முயன்று, 1899-இல் கோடைக்கானல் வானாய்வு நிலையத்தைத் தொடங்கி அதன் முதல் இயக்குநரானார். அந்நிலையம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நாள்தோறும் எடுத்துவந்த கதிரவன் படங்கள் உலகோர் போற்றும் செல்வமாக உள்ளன. ஒவ்வொரு படத்திற்கும் நாள் உண்டு, நேரம் உண்டு. அவை கருதியே அவற்றின் மதிப்பு.

ஒரு வேண்டுகோள்

அன்பர்களே! 1883-இல் வாழ்ந்தோர்க்கு நிறத்தைப் பிடிக்கும் கருவி இல்லை. ஆயினும் நாளும் நேரமும் எழுதினார்கள். நமக்கு நிறத்தைப் பிடிக்கும் கருவி ஒவ்வொரு சட்டைப்பையிலும் இருக்கிறது. நாமோ நாளை மறந்துவிடுகிறோம். அச்சிறுமியின் குறிப்பேட்டில் அந்தப் பக்கம் வெறுமையாகவே நின்றுவிட்டது. பாட்டியார் சொன்ன பழமொழி மெய்யா என்று சோதிக்கவும் நமக்கு வழியில்லை. அன்றைக்குப் பிறகு மழை பெய்ததா, பெய்ததெனில் எத்தனை நாள் கழித்துப் பெய்தது என்பது எவர்க்கும் நினைவில்லை.

ஆகவே, நம் சங்கத்தின் படிப்பகத்தில் பருமனான நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்திருக்கிறேன். பரிவேடமோ, வானவில்லோ, வழக்கத்திற்கு மாறான செவ்வானமோ எவர் கண்ணிற்பட்டாலும், நாள், மணி, திசை, நீடித்த நேரம், பின்னர் வந்த மழை ஆகியவற்றைத் தம் பெயரோடு அதில் எழுதுமாறு வேண்டுகிறேன். படம் எடுத்தவர்கள் பிறர்க்கு அனுப்பும்போது அக்குறிப்பையும் சேர்த்து எழுதுக. ஒன்றை மட்டும் பெற்றோர் மறவாது சொல்லித்தர வேண்டும்: கதிரவனை நேரே நோக்கலாகாது, சுவரின் விளிம்பிலோ விளக்குக் கம்பத்தின் பின்னாலோ அதனை மறைத்துக்கொண்டு சுற்றியுள்ளதையே காண வேண்டும்.

நோட்டின் முதற்பக்கத்தில், "பங்குனி மாதம், நண்பகல், பெரிய வட்டம்; நாள் தெரியவில்லை" என்று நானே எழுதியிருக்கிறேன். இரண்டாம் பக்கத்தைச் சென்ற மாதம் அச்சிறுமி எழுதினாள். மாலை 6 மணி 12 நிமிடம். கிழக்கே இரட்டை வானவில். எட்டு நிமிடம் நின்றது. நடுவிலிருந்த வானம் சற்றே கறுத்திருந்தது என்று குறித்திருக்கிறாள். மூன்றாம் பக்கம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!